பதினான்கு நாட்கள்

மூன்று இதழ்களுக்கு முன் இதே பக்கங்களில் வெளிவந்த என் கட்டுரை ஒன்றின் பெரும்பகுதியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சமகாலக் கவிதையில் கண்ணகியின் முலை திரும்பத் திரும்ப ஒரு படிமமாக வருவதைப் பற்றிய கட்டுரை அது. 'திருகி எறியப்பட்ட முலை, தமிழ் மனம் கண்டெடுத்த எதிர்ப்பின் உச்சபட்சப் படிமம்' என்று எழுதியிருந்தேன். நண்பர்கள் இரண்டு பேர் கடிதம் போட்டுப் பாராட்டினார்கள். ஒருவர் அந்த வாக்கியத்தைத் தன் தொகுப்பின் முன்னுரையில் எடுத்தாண்டும் விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கட்டுரை அச்சாகி வந்த மாதத்தில் என் அக்காவுக்கு இடது மார்பை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி நான் இருக்கும் ஊரில் என்பதால், பிறகு ஒரு மாதம் அவள் என் வீட்டில் இருந்தாள். அக்கா வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிக்கிறவள். என் அலமாரியை அதற்கு முன் அவள் தொட்டதில்லை. ஆனால் ஒரு கை மட்டும் உபயோகத்தில் இருக்கும்போது கனமான புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. நம் பத்திரிகையின் ஒல்லியான உடம்புக்கு அப்போதுதான் முதன்முதலாக ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது. பாங்க்கிலிருந்து நான் திரும்பி வந்தபோது, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் பத்திரிகையைச் சாய்த்துக்கொண்டு என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எறிஞ்சுட்டு அப்புறம் அவ என்னடா பண்ணினா?"

"மதுரை எரிஞ்சுதுக்கா."

"அது ஊருக்கு. அவளுக்கு என்ன ஆச்சு?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தைப் பற்றி நாலைந்து இடங்களில் எழுதியவன், பேசியவன் நான். அன்று ராத்திரிதான் கட்டுரை காதையின் கடைசிப் பகுதியை அந்தக் கேள்வியோடு படித்தேன்.

இளங்கோ சொல்லத்தான் செய்கிறார். கணவனோடு கிழக்கு வாசல் வழியாக ஊருக்குள் வந்தவள் மேற்கு வாசல் வழியாகத் தனியே வெளியேறுகிறாள். இரவென்றும் பகலென்றும் தெரியாமல், மேடு பள்ளம் பாராமல், வைகையின் கரையோடு நடக்கிறாள். மலையேறி ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழிகிறது. வானவர் சூழக் கோவலன் வந்து அழைத்துப் போகிறான். அவளைக் கண்ட குன்றக்குறவர்களுக்கு அவள் ஒரு முலை இழந்தவள் என்பதுதான் முதலில் தெரிகிறது. அவளுடைய மனத்தின் நிலை சொல்லப்பட்டுவிட்டது. கால்களின் நிலை சொல்லப்பட்டுவிட்டது. மார்பின் நிலை மட்டும் அந்த வழிநடையில் இல்லை. திருகிய இடத்தில் புண் இருந்ததா, சேலை அதில் பட்டதா, அந்தப் பக்கத்துக் கை எப்படி இருந்தது, ஒன்றும் இல்லை.

காவியத்தில் ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டைத் தேடுகிறான் என்று சிலர் சிரிக்கலாம். தொன்மத்துக்கு அதற்கான தர்க்கம் உண்டு, அங்கே புண் வலிக்காது என்பதை நானும் அறிவேன். எனக்கு இளங்கோவிடம் சச்சரவு இல்லை. அந்தப் படிமத்தை வாங்கி நம் காலத்து உடம்புகளின் மேல் ஒட்டுகிற நம்மிடம்தான், முதலில் என்னிடம்தான். எறிகிற நொடியை எடுத்துக்கொண்டோம். பதினான்கு நாட்களை விட்டுவிட்டோம். அக்காவின் கேள்வி அந்தப் பதினான்கு நாட்களைப் பற்றியது.

2

"நீதான் இவ்வளவு படிக்கிறியே, இந்த மாதிரி ஆனவங்க யாராவது எழுதியிருக்காங்களா?" என்று அடுத்த நாள் கேட்டாள்.

இருக்கிறது. ஃபேனி பர்னி. கல்லூரியில் எங்களுக்கு அவள் ஒற்றை வரி. ஜேன் ஆஸ்டினுக்கு முன்னோடி, 1778இல் 'எவலினா' நாவல், அவ்வளவோடு பரீட்சைக்குப் போய்விட்டோம். 1752இல் பிறந்தவள். அரசி ஷார்லட்டின் அரண்மனையில் ஐந்து வருஷம் உத்தியோகம் பார்த்தாள். புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்து வந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒருவரை 1793இல் மணந்துகொண்டாள். 1802இல் அவரோடு பிரான்ஸ் போனவள் போர் காரணமாக அங்கேயே மாட்டிக்கொண்டாள். 1810இல் வலது மார்பில் வலி ஆரம்பித்தது. 1811 செப்டம்பர் 30ஆம் தேதி, பாரீஸில், அவள் வீட்டிலேயே அந்த மார்பை எடுத்தார்கள். அறுத்தவர் நெப்போலியனின் ராணுவ வைத்தியர் லாரே. மயக்க மருந்து கிடையாது. குடிக்க ஏதோ திராட்சை ரசம் கொடுத்தார்கள்.

தன் சகோதரி எஸ்தருக்கு அவள் இதை ஒரு கடிதமாக எழுதினாள். 1812 மார்ச்சில் தொடங்கிய கடிதம் ஜூனில்தான் முடிந்தது. எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை, தலை வலிக்கிறது என்று கடிதத்திலேயே சொல்கிறாள். ஒன்பது மாதம் கழிந்தும், யாராவது அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் நிலைகுலைந்து போகிறாள். நாவலாசிரியை என்ற முறையில் அவள் எழுதியவற்றுள் இந்தக் கடிதத்துக்குச் சமமான உரைநடை வேறு இல்லை என்று எனக்குப் படுகிறது. அலங்காரம் இல்லாததால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அவள் ஒழுங்கு தவறாமல் பார்க்கிறாள். கறுப்பு உடையில் ஏழு பேர் அறைக்குள் நுழைவது, பழைய மெத்தைகளும் பழைய விரிப்பும் கொண்டுவரச் சொல்வது, முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போர்த்துவது, அது கண்ணாடிபோல் இருந்ததால் அதற்குள்ளிருந்தே கத்தியின் பளபளப்பைப் பார்ப்பது. இருபது நிமிஷம். எலும்பின் மேல் கத்தி சுரண்டியதைக்கூட அவள் விடவில்லை.

அக்காவுக்கு இதை வாய்மொழியாகத் தமிழில் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்து நடுவில் நிறுத்தினேன். "சொல்லு" என்றாள். கைக்குட்டை இடம் வந்தபோது, "கொஞ்சம் தடிச்ச துணியாப் போட்டிருக்கலாம், மடையனுங்க" என்றாள். நான் படித்த விமர்சனம் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

அந்தக் கடிதத்தில் ஓர் இடம் இருக்கிறது. இந்த மார்பை யார் பிடித்துக்கொள்வது என்று லாரே கேட்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். கையை மார்புக்கு அடியில் கொடுத்து, வலி எங்கெல்லாம் பாய்ந்தாலும் புறப்படுவது ஒரே புள்ளியிலிருந்துதான் என்று அவர்களுக்கு விளக்குகிறாள். எல்லோரும் கவனமாகக் கேட்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளை மறுபடி படுக்க வைத்துக் கைக்குட்டையை மூடுகிறார்கள். அதன் வழியே, ஒரு விரல் காற்றில் ஒரு சிலுவையும் ஒரு வட்டமும் போடுவதைப் பார்க்கிறாள். முழுவதும் எடுக்கப்படப் போகிறது.

அக்காவின் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. டாக்டர் விஷயத்தை அத்தானிடம் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலம் படித்தவன் என்பதால் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் யாரோ பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கவுன்டரில் தினமும் நாற்பது பேருக்கு நான் செய்கிற வேலை அது. குறியைப் போட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்பது. படித்துச் சொல்ல ஒருநாளும் எனக்கு நேரம் இருந்ததில்லை. அன்று உட்கார்ந்து நாலு பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பாதியில் அக்கா, "அக்குள்ள எதுக்குடா அறுக்கணும்?" என்றாள். அதுவரை யாரும் அவளிடம் அக்குளைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

மயக்க மருந்தைப் பற்றி ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும். பர்னிக்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1804 அக்டோபரில், ஜப்பானில் ஹனவோகா ஸெய்ஷூ என்ற வைத்தியர் மூலிகைகளைக் காய்ச்சிய ஒரு கஷாயத்தால் அறுபது வயதுப் பெண் ஒருத்தியை நினைவிழக்கச் செய்து, அவள் மார்பிலிருந்த கட்டியை எடுத்திருந்தார். வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்தியிருந்த நாடு. செய்தி பாரீஸுக்குப் போகவில்லை. மேற்கில் ஈதர் கொடுத்து அறுப்பதைப் பகிரங்கமாகச் செய்து காட்டியது 1846இல். பர்னி அப்போது இல்லை. ஆனால் அறுத்த பிறகு இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 1840இல், எண்பத்தேழு வயதில்தான் இறந்தாள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அக்கா மறுபடியும் அதையே கேட்டாள். "சரி, அப்புறம்?" பர்னியும் படுக்கைக்குத் தூக்கிச் செல்லப்படுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறாள். கத்தியின் இருபது நிமிஷத்துக்கு ஆங்கில உரைநடை தயாராக இருந்தது. பின்னால் வந்த நாட்களுக்கு இன்னும் தயாராகவில்லை.

3

படிமம் தீங்கற்றது என்று நாம் நினைக்கிறோம். கவிதை சரியில்லை என்றால் பக்கம் வீண், அதற்கு மேல் நஷ்டமில்லை என்கிற எண்ணம். மார்பு அறுவையின் சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

1882இல் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு முறையை வகுத்தார். 1894இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து ஐம்பது பெண்களுக்குச் செய்ததை வெளியிட்டார். மார்பு, அதற்கடியில் நெஞ்சுக்கூட்டை மூடியிருக்கும் தசைகள், அக்குளின் நெறிக்கட்டிகள், எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது. இந்த முறையின் பெயரில் இருக்கும் 'ராடிகல்' என்ற சொல்லின் மூலம் லத்தீனில் வேர் என்று பொருள்படும். வேரோடு பிடுங்குவது. புற்று ஓரிடத்தில் தோன்றி அங்கிருந்து வரிசையாக வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு பத்திரம் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருந்தது. தோட்டக்காரனின் படிமம் அது. அதற்காகப் பெண்கள் கொடுத்தது குழிந்துபோன நெஞ்சு, தோளுக்கு மேல் தூக்க முடியாத கை, நிணநீர் வடிய வழியில்லாமல் ஆயுள் முழுவதும் வீங்கிக் கிடக்கும் கை.

1948இல் இங்கிலாந்தில் பேட்டி என்ற வைத்தியர் பெரிய தசையை விட்டுவைத்தே செய்யலாம் என்று எழுதினார். 1971இல் பெர்னார்ட் ஃபிஷரும் சகாக்களும் அமெரிக்காவில் 1,600க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஹால்ஸ்டெட்டின் முறையை அதைவிடச் சிறிய அறுவையோடு ஒப்பிடும் சோதனையைத் தொடங்கினார்கள். இருபத்தைந்து வருஷத் தொடர்ச்சியின் முடிவு 2002இல் வெளிவந்தது. தசையோடு வெட்டியதால் யாரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. இதற்கிடையில் 1981இல் மிலானில் வெரோனேஸியும், 1985இல் மறுபடி ஃபிஷரும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை. புற்று வேர் விடும் செடியாக இல்லை. ரத்தத்தின் வழியே முன்பே வெகுதூரம் போயிருக்கக்கூடியது. கத்தியின் அகலம் அதைத் துரத்திப் பிடிக்காது. மாற்று யோசனைகள் நடுவில் இல்லாமலில்லை. இருந்தும் அமெரிக்காவில் சுமார் எண்பது வருஷம் அந்த ஒரு படிமம் ஆட்சி செய்தது. அதை நம்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர், அழகான தர்க்கத்தில் மயங்கியவர்கள். அந்த மயக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த மயக்கம்.

முழு மார்பையும் எடுப்பது இன்றும் சிலருக்குத் தேவைப்படத்தான் செய்கிறது. கட்டி பெரிதாக இருந்தால், ஒரே மார்பில் பல இடங்களில் இருந்தால், கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தால். அக்காவுக்கு முதல் காரணம். குளிக்கும்போது தட்டுப்பட்டதை அவள் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லையே என்று இருந்துவிட்டாள். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தசைகளை விட்டுவிட்டு மார்பையும் அக்குளின் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பேட்டிக்கும் ஃபிஷருக்கும் அக்காவின் நெஞ்சில் ஒரு பங்கு இருக்கிறது. ஹால்ஸ்டெட்டின் காலமாக இருந்தால் அந்த நெஞ்சு வேறாக இருந்திருக்கும்.

4

சூசன் ஸொண்டாக் 1978இல் 'வியாதி உருவகமாக' என்று பொருள்படும் புத்தகத்தை எழுதினாள். நம் வட்டத்தில் பலரும் படித்திருப்பீர்கள். வியாதியின் மேல் ஏற்றப்பட்ட உருவகங்களை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டு, வியாதியை வியாதியாகப் பார்க்கச் சொன்ன புத்தகம். அதை எழுதுவதற்கு மூன்று வருஷம் முன், 1975இல், அவளுக்கே மார்பில் புற்று வந்து அறுவை நடந்திருந்தது. புத்தகத்தில் அது இல்லை. 'நான்' என்று ஒரு மார்பும் அதில் இல்லை. முன்பு இதை நான் பெரிய கட்டுப்பாடு என்று மெச்சியவன். இப்போதும் மதிக்கிறேன். ஆனால் அக்காவிடம் கொடுக்கும்படி அதில் ஒரு பக்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. உருவகத்தை வெளியேற்றிய அதே துடைப்பம் ஆளையும் வெளியேற்றிவிட்டது.

அதே 1978இல் நியூயார்க்கில் ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞருக்கு வலது மார்பை எடுத்தார்கள். 1980இல் வெளிவந்த அவருடைய 'புற்றுநோய் நாட்குறிப்புகள்' சிறிய புத்தகம். நாட்குறிப்பு வரிகளும் கட்டுரையும் கலந்தது. அதில் சத்திரக் கத்தி கொஞ்சம்தான். மீதியெல்லாம் பிறகு வந்த நாட்கள். உணர்ச்சியற்ற மரத்த நிலை, மருந்தின் மயக்கம் வடியும்போது வரும் வலி, பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது. ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் ஆறுதல் சொல்ல வருகிறாள். கூடவே கம்பளி அடைத்த ஒரு பொய் மார்பு கொண்டுவருகிறாள். அதன் நிறம் வெளிர் ரோஸ். லார்டின் நெஞ்சில் அது கோணலாக உட்கார்ந்துகொண்டு, உயிரற்று, நிறமும் பொருந்தாமல் இருக்கிறது. பத்து நாள் கழித்து அவர் அதை அணியாமல் டாக்டரிடம் போகிறார். அங்கே நர்ஸ், ஏதாவது வைத்துக்கொண்டு வந்தால் நல்லது, இல்லாவிட்டால் வருகிற மற்றவர்களின் மனோதைரியத்துக்குக் கெடுதல் என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். மோஷே தயானின் ஒற்றைக்கண் மறைப்பைப் பார்த்து, கண்ணாடிக் கண் ஒன்றை வைத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லையே என்று லார்ட் கேட்கிறார்.

லார்டும் உருவகத்தை விடவில்லை. ஒரு முலை இழந்த பெண் போர்வீரர்களை அழைத்துக்கொள்கிறார். இங்கேதான் என் பழைய கட்டுரையில் நான் தவறிய இடம் தெரிகிறது. லார்ட் அந்தப் படிமத்துக்கு வந்து சேர்வது வலியின் வழியாக, குளியலறைக் கண்ணாடியின் வழியாக, வெளிர் ரோஸ் பஞ்சின் வழியாக. அதற்கான விலையை அவர் அந்தப் புத்தகத்திலேயே கட்டியிருக்கிறார். 1992இல் புற்று ஈரலில் பரவி அவர் இறந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் கண்ணகியைக் கவிஞரிடமிருந்து இரவல் வாங்கினேன், கவிஞர் இளங்கோவிடமிருந்து. இந்தச் சங்கிலியில் யாருக்கும் எங்கும் வலிக்கவில்லை. படிமத்தை விட்டொழிப்பது பற்றி நான் பேசவில்லை. எந்த நாட்களின் வழியாக ஒரு படிமம் கவிதைக்கு வந்து சேர்ந்தது என்று கேட்க வேண்டும் என்கிறேன். விமர்சகனாக நான் அதைக் கேட்கவில்லை.

லார்டின் நர்ஸைப் பற்றி அக்காவிடம் சொன்னபோது, லார்ட் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டாள். அடுத்த வாரம், பழைய நூல்சேலையைக் கிழித்து ஒரு பை தைத்து, இலவம்பஞ்சை அடைத்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது கனமில்லாமல் மேலே ஏறியது. கொஞ்சம் கடுகு போட்டுத் தைத்தாள். நின்றது.

"அந்தம்மா சொன்னது சரின்னியே?" என்றேன்.

"சரிதான். நான் பஸ்ஸுல போகணும்ல."

மூன்று இதழ்களுக்கு முந்தைய நான் இதைச் சமரசம் என்று எழுதியிருப்பேன். இப்போது அந்தச் சொல்லை எடுக்கக் கை வரவில்லை. லார்டின் மறுப்பும் அக்காவின் கடுகும் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே எடுத்த முடிவுகள். இரண்டுக்கும் மதிப்பெண் போட நான் யார்?

5

இனி, நான் படித்த மூன்றாவது பிரதி.

அறுவை முடிந்து அக்கா வீட்டுக்கு வரும்போது விலாவிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய்கள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் பல்ப் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குடுவை. அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், உள்ளே கசிகிற நீரை அது உறிஞ்சும். மார்பு இருந்த இடம் வெற்றிடம், நீர் அங்கே தேங்கிக் கட்டிக்கொள்ளும். அதற்காகக் குழாய். காலையும் மாலையும் குடுவையைத் திறந்து அளவுக் குப்பியில் ஊற்றி எத்தனை மில்லி என்று எழுதிவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பதுக்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்களாம். இதை எங்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

அக்கா என் வீட்டுப் பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டாள். தேதி, காலை, மாலை, நிறம். முதல் நாள் காலை 70, மாலை 55, சிவப்பு. ஐந்தாம் நாள் 40, 35, ரோஸ். ஒன்பதாம் நாள் மஞ்சள். அதன்பிறகு அவள் 'வைக்கோல்' என்று எழுத ஆரம்பித்தாள். மருத்துவப் புத்தகங்களும் அந்த நீரின் நிறத்துக்கு அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்து எழுதினாள். பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். காவியத்தைவிட ஒரு நாள் குறைவு.

குழாய் போன பிறகும் நோட்டில் எழுதுவது நிற்கவில்லை. கையை மேலே தூக்கும் பயிற்சி ஆரம்பமாயிற்று. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. என் பையன் உயரத்தை நாங்கள் குறித்து வைத்திருக்கும் அதே சுவர். இரண்டு வரிசைக் கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நோட்டில் 'கை' என்று தலைப்புப் போட்டு, 'கொடிக்கயிறு எட்டலை' என்று ஏழு நாள் எழுதியிருக்கிறாள். எட்டாம் நாள், 'தொட்டேன். துணி போட முடியலை.' இன்னும் நாலு நாள் கழித்து, 'துண்டு போட்டேன். சேலை நாளைக்கு.'

கணக்கில் சேராத வரிகளும் உண்டு. 'மேல்கை உள்பக்கம் யாரோட கையோ மாதிரி.' அக்குளில் ஓடும் ஒரு நரம்பு இந்த அறுவையில் பாதிக்கப்படுவதால் வருவது அது. பலருக்கு நாளடைவில் குறையும், சிலருக்குப் போகாது. 'இல்லாத இடத்துல அரிக்குது. எங்க சொறியறது?' இதுவும் மருத்துவம் அறிந்த விஷயம்தான். எடுத்த உறுப்பை மூளை உடனே விட்டுவிடுவதில்லை. ஒரு நாள் தேதி மட்டும் போட்டு மீதிக் கட்டங்கள் காலி. அன்றுதான் கட்டைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தாள். எனக்குத் தெரியும், அன்று ஒரு மணி நேரம் குளியலறைத் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தமும் இல்லை.

இதை நான் இலக்கியம் என்று நிரூபிக்கப் போவதில்லை. அப்படிச் செய்தால் கண்ணகிக்குச் செய்ததை அக்காவுக்கும் செய்தவனாவேன். நான் சொல்ல வருவது சிறியது. பதினைந்து வருஷ வாசிப்பில் நொடியைப் படிக்க எனக்குப் பயிற்சி கிடைத்தது. வெடிப்பு, உச்சம், தரிசனம், ஒரு சொல்லில் எல்லாம் திறந்துகொள்வது. அதைத்தான் கவிதை என்று நம்பினேன், பிறருக்கும் சொன்னேன். எழுபது ஐம்பத்தைந்தாகி, ஐம்பத்தைந்து நாற்பதாகி, சிவப்பு வைக்கோலாவதைப் படிக்க எனக்குப் பயிற்சி இல்லை. நம் பத்திரிகையின் கடந்த பத்து வருஷ இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். மரணம் நிறைய இருக்கிறது. நோய் பதினெட்டு கவிதைகளில் வருகிறது, எல்லாவற்றிலும் வேறு எதற்கோ அர்த்தமாக. உடம்பு தேறுவது ஒன்றில்கூட இல்லை. தேறுவதற்கு அழகு போதாது என்று நாம் பேசாமலே தீர்மானித்திருக்கிறோம்.

நிருபர் வேலையைக் கவிஞனிடம் கேட்கிறாயா என்று ஒரு நண்பர் நேரிலேயே கேட்டார். பர்னியின் கடிதம் நிருபர் வேலை அல்ல. மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, திரும்பப் படிக்கவும் முடியாமல், ஆனால் கத்தி எலும்பைத் தொட்டதை விடாமல் எழுதியவள் செய்தது என்ன வேலை என்று அவர் யோசிக்கட்டும்.

பழைய கட்டுரையில் தகவல்கள், மேற்கோள்கள் அப்படியே இருக்கலாம். 'உச்சபட்சப் படிமம்' என்ற வாக்கியத்தையும் அதிலிருந்து கிளைத்த கடைசி இரண்டு பக்கங்களையும் எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க இப்போது என்னிடம் இல்லை. மேற்கு வாசல் வழியே போனவளைப் பின்தொடர்ந்து யாராவது எழுதினால் முதலில் படிக்கிறவன் நானாக இருப்பேன்.

அக்கா போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டாள். பையின் கடுகு கொஞ்சம் குறைக்கப்பட்டிருக்கிறது. கீமோ இன்னும் நான்கு பாக்கி. போகும்போது பால்கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் பால் பாக்கியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அதன் அடுத்த பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.